கூடுதலாக வந்த தண்ணீர்: பெருவின் சாந்தா ஆற்றுப் படுகை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பனியாறுகள் உருகினால் ஆறுகள் வற்றிப்போகும் என்று படித்திருப்போம். உண்மைதான், ஆனால் அது உடனே நடப்பதில்லை. முதலில் தண்ணீர் கூடும். பல ஆண்டுகளுக்குக் கூடுதலாகவே வந்துகொண்டிருக்கும். அந்த ஆண்டுகளில்தான் கால்வாய் வெட்டுகிறார்கள், புது நிலத்தைப் பாசனத்துக்குக் கொண்டுவருகிறார்கள், நகரங்களுக்குக் குழாய் போடுகிறார்கள். ஆற்றின் இயல்பான வரத்தே இவ்வளவுதான் என்று கணக்கும் எழுதி வைத்துவிடுகிறார்கள். அப்புறம் ஒரு கட்டத்தில் வரத்து இறங்கத் தொடங்குகிறது. இதுவரை வட்டி என்று நினைத்துச் செலவழித்ததெல்லாம் முதல் என்பது அப்போதுதான் உறைக்கிறது.

இது எப்படி நடக்கும் என்பதை முழுமையாகப் பார்க்க வேண்டுமானால் தென் அமெரிக்காவுக்குப் போக வேண்டும். பெரு நாட்டின் சாந்தா ஆற்றுப் படுகையில் எண்பது ஆண்டுக்கும் மேலான பதிவுகள் இருக்கின்றன. அழிவும் அங்கே நடந்தது, அதற்கு எதிரான அசாத்தியமான பொறியியல் உழைப்பும் அங்கேயே நடந்தது. தண்ணீருக்கான சண்டையும் நீதிமன்ற வழக்கும் அதே படுகையில்தான்.

இடமும் பனியும்

பெருவின் அன்காஷ் மாநிலத்தில் இரண்டு மலைத்தொடர்கள் இணையாக ஓடுகின்றன. கிழக்கே இருப்பது கோர்தியேரா பிளாங்கா என்ற வெண்மலைத் தொடர். சுமார் 180 கிலோமீட்டர் நீளம். பெருவின் மிக உயரமான சிகரமான வாஸ்கரான் (6,768 மீட்டர்) இதில்தான் இருக்கிறது. மேற்கே கோர்தியேரா நேக்ரா என்ற கருமலைத் தொடர், பனியில்லாத வறண்ட மலை. இரண்டுக்கும் நடுவே சாந்தா ஆறு வடக்கு நோக்கி ஓடி, கான்யோன் தெல் பாத்தோ என்ற குறுகலான மலையிடுக்கில் இறங்கி, மேற்கே திரும்பி, சிம்போத்தே நகருக்கு அருகில் பசிபிக் கடலில் கலக்கிறது. பள்ளத்தாக்கின் பெரிய ஊர் வாராஸ். கடல் மட்டத்திலிருந்து மூவாயிரம் மீட்டருக்கும் மேலே இருக்கும் நகரம் இது.

உலகின் வெப்பமண்டலப் பனியாறுகளில் ஏறத்தாழ 70 சதவீதம் பெருவில் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரிய தொகுதி இந்த வெண்மலைத் தொடரில். வெப்பமண்டலம் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஆல்ப்ஸில் குளிர்காலத்தில் உருகுவது ஏறக்குறைய நின்றுவிடும். இங்கே குளிர்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம், மே முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம், அவ்வளவுதான். பனியாற்றின் கீழ்முனை ஆண்டு முழுவதும் உருகிக்கொண்டே இருக்கும். மேற்பகுதியில் மழைக்காலத்தில் புதுப்பனி விழுந்து அந்த இழப்பை ஈடுகட்ட வேண்டும்.

வெப்பம் சற்றே கூடினாலும் இந்தச் சமநிலை குலைந்துவிடும். முன்பு பனியாக விழுந்த உயரத்தில் இப்போது மழையாக விழுகிறது. வெள்ளை வெளேரென்ற புதுப்பனி சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். மேலே புதுப்பனி விழாமல் வெறுமனே கிடக்கும் பழைய பனிக்கட்டி ஒளியை உறிஞ்சிக்கொண்டு இன்னும் வேகமாக உருகும். ஆக, பனிக்குப் பதில் மழை என்றால் வரவும் குறைகிறது, செலவும் கூடுகிறது. பெருவின் பனியாறு ஆய்வு நிறுவனமான இனாய்ஹெம், 1962-க்குப் பிறகான சுமார் அறுபது ஆண்டுகளில் நாடு தன் பனியாற்றுப் பரப்பில் 56 சதவீதத்தை இழந்துவிட்டதாகக் கணக்கிட்டிருக்கிறது. அந்த நிறுவனத்தின் தலைமையகம் இருப்பதே வாராஸில்தான்.

பல்ககோச்சா

வாராஸுக்கு மேலே, 4,566 மீட்டர் உயரத்தில் பல்ககோச்சா என்ற ஏரி இருக்கிறது. பனியாறு முன்னேறிய காலத்தில் கல்லையும் மண்ணையும் தள்ளிக்கொண்டு வந்து ஒரு கரைபோலக் குவித்துவிட்டுப் பின்வாங்கியது. மொரைன் என்று சொல்லப்படும் அந்தக் கரைக்கும் பனிக்கும் இடையிலான பள்ளத்தில் உருகிய தண்ணீர் தேங்கி ஏரியானது. எந்தப் பொறியாளரும் கட்டாத அணை அது. வெறும் தளர்ந்த குவியல்.

1941 டிசம்பர் 13 காலையில் அந்தக் கரை உடைந்தது. தண்ணீர் கோஹூப் பள்ளத்தாக்கில் இறங்கி, வழியிலிருந்த இன்னொரு ஏரியையும் உடைத்துக்கொண்டு, சேறும் பாறையுமாக வாராஸுக்குள் புகுந்தது. நகரின் மூன்றில் ஒரு பங்கு அழிந்தது. குறைந்தது 1,800 பேர் இறந்தார்கள். 5,000 வரை சொல்லும் பதிவுகளும் உண்டு. அதிகம் அடிபட்டது ஆற்றங்கரையில் புதிதாக எழுந்திருந்த சென்தெனாரியோ பகுதி.

1945-இல் சவீன் தெ வாந்தார் என்ற தொல்லியல் தலத்தை இதேபோன்ற வெள்ளம் தாக்கியது. 1950 அக்டோபரில் லோஸ் செத்ரோஸ் பள்ளத்தாக்கில் இன்னொரு ஏரி உடைந்தது. கான்யோன் தெல் பாத்தோவில் கட்டி முடியும் நிலையில் இருந்த நீர்மின் நிலையத்தை அது அடித்துப் போட்டது. அடுத்த ஆண்டே வெண்மலைத் தொடரின் ஏரிகளைக் கட்டுப்படுத்துவதற்கென்று அரசு ஒரு ஆணையத்தை அமைத்தது. ஆயிரக்கணக்கில் மக்கள் செத்தபோது நிரந்தரமாக ஓர் அலுவலகம் வரவில்லை, மின் நிலையம் போனதும் வந்துவிட்டது. இந்த வரிசை மனத்தை உறுத்தத்தான் செய்கிறது.

ஆனால் அந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. சாலை கிடையாது. சிமென்டும் குழாயும் கழுதை முதுகில் ஏறின. நாலாயிரம் மீட்டருக்கு மேலே, மூச்சு வாங்கும் உயரத்தில், ஏரிக்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி நீர்மட்டத்தை இறக்கி, வெட்டிய இடத்தில் குழாய் பதித்து, அதன்மேல் மறுபடி மண்ணணை கட்டி, முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளை ஆபத்து குறைந்தவையாக மாற்றினார்கள். பனியாற்று ஏரிகளைக் கையாளுவதில் உலகமே இவர்களிடம் கற்றுக்கொண்டது என்று சொல்வது மிகையில்லை.

பல்ககோச்சாவிலும் 1970-களில் வடிகாலும் இரண்டு சிறு அணைகளும் கட்டினார்கள். 1941-இல் வடிந்தபின் ஏரியில் எஞ்சியிருந்தது ஏறத்தாழ 5 லட்சம் கன மீட்டர் தண்ணீர்தான். ஆகவே அந்த அணைகள் போதும் என்று அன்றைக்கு நினைத்ததில் பிழை சொல்ல முடியாது. ஆனால் மேலே பல்கராஹு சிகரத்தின் பனியாறு பின்வாங்கிக்கொண்டே போனது. அது விட்டுச்சென்ற இடமெல்லாம் தண்ணீராயிற்று. 2009-இல் அளந்தபோது ஏரியில் 1.73 கோடி கன மீட்டர் இருந்தது. சுமார் 34 மடங்கு.

2003 மார்ச்சில் பக்கவாட்டு மொரைனிலிருந்து ஒரு பகுதி சரிந்து ஏரிக்குள் விழ, அலை அணையைத் தாண்டியது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் சேறு கலந்த தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தை அடைத்துவிட, நகரத்தின் பெரும்பகுதிக்கு நாள்கணக்கில் குடிநீர் நின்றது. ஏரி என்பது நகரத்துக்கு ஆபத்து மட்டுமில்லை, குடிநீர் வரும் வழியும் அதுதான் என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்தது. அடுத்த மாதமே நாசா ஒரு செயற்கைக்கோள் படத்தைக் காட்டி, மேலே பனியாற்றில் விரிசல் இருக்கக்கூடும் என்று எச்சரித்தது. நகரம் பீதியடைந்தது, சுற்றுலாப் பயணிகள் வராமல் போனார்கள். விரிசல் என்று சொன்னது கடைசியில் சரியில்லை என்று தெரிந்தது. இப்படியொரு அனுபவத்துக்குப் பிறகு அடுத்த எச்சரிக்கையை மக்கள் எப்படிக் கேட்பார்கள் என்பதையும் இந்த ஆய்வில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

2011 முதல் பல்ககோச்சாவின் கரையைத் தாண்டி சைஃபன் குழாய்கள் போட்டிருக்கிறார்கள். கருப்புப் பாலிஎதிலீன் குழாய்கள். ஒரு முனை ஏரிக்குள், மறுமுனை கரைக்கு அந்தப் பக்கம் தாழ்வான இடத்தில். மின்சாரமோ பம்போ இல்லாமல், உயர வேறுபாட்டாலேயே தண்ணீர் ஏறி இறங்கி வெளியே போகும். குழாய்க்குள் காற்று புகுந்தால் ஓட்டம் நின்றுவிடும், மறுபடி நிரப்பித்தான் ஓட வைக்க வேண்டும். தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கியது இது. ஆண்டுகள் பல கடந்தும் நகரத்தின் பாதுகாப்பு பெரும்பாலும் இந்தக் குழாய்களையும், ஏரிக்கரைக் குடிசையில் இரவும் பகலும் தங்கி நீர்மட்டத்தையும் பனிச்சரிவுகளையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டிருக்கும் காவலர்களையும் நம்பியே இருந்து வந்திருக்கிறது.

513-ஆம் எண் ஏரி

வடக்கே கார்வாஸ் ஊருக்கு மேலே ஓர் ஏரி இருக்கிறது. கணக்கெடுப்பில் கொடுத்த 513 என்ற எண்ணே அதன் பெயராக நிலைத்துவிட்டது. 1990-களில் பாறையைக் குடைந்து சுரங்கம் அமைத்து நீர்மட்டத்தைச் சுமார் 20 மீட்டர் இறக்கினார்கள். 2010 ஏப்ரல் 11-இல் வல்கான் மலையிலிருந்து பெரும் பனிப்பாளம் அதில் விழுந்தது. எழுந்த அலை, இறக்கி வைத்த அந்த 20 மீட்டரையும் தாண்டிக்கொண்டு வெளியே வந்தது. வயல்களும் பாலங்களும் வீடுகளும் சேதமாயின, ஆனால் ஒருவரும் சாகவில்லை. சுரங்கம் இல்லாதிருந்தால் கார்வாஸின் கதை 1941-இன் வாராஸ் போல ஆகியிருக்கும்.

அதன்பிறகு சுவிட்சர்லாந்து ஆய்வாளர்களின் உதவியோடு கேமரா, நில அதிர்வு உணரி, வானிலைக் கருவிகள் எல்லாம் வைத்து முன்னெச்சரிக்கை அமைப்பு ஒன்றை நிறுவினார்கள். இந்தப் பகுதியிலேயே முதன்மையான முயற்சி அது. 2016 நவம்பரில் கிராம மக்கள் மேலே ஏறிப்போய் அதைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். அந்த ஆண்டு கடும் வறட்சி. மழை வராததற்கு அந்தக் கருவிகள்தான் காரணம் என்று அவர்கள் நம்பினார்கள்.

இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது சுலபம். நான் அப்படிப் பார்க்கவில்லை. விதைக்கத் தண்ணீர் இல்லை என்று தவித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, வெள்ளம் வந்தால் மணியடிக்கும் இயந்திரம் வந்து சேர்ந்தது. அவர்களுடைய கேள்வி ஒன்று, கிடைத்த பதில் வேறொன்று. ஏரியால் வரும் ஆபத்தையும் வறட்சியையும் தனித்தனித் திட்டங்களாகப் பார்த்தவர்கள் நிபுணர்கள்தான். கிராமத்துக்கு இரண்டும் ஒரே மலையிலிருந்து வருபவை.

உச்சம் கடந்த ஆறு

சரி, தண்ணீர்க் கணக்குக்கு வருவோம். மிஷேல் பரேயர் தலைமையிலான ஆய்வுக் குழு சாந்தாவின் மேற்படுகையில் ஒன்பது நீர்ப்பிடிப்புப் பகுதிகளின் நீண்டகால வரத்துப் பதிவுகளை எடுத்துக்கொண்டு, 2012-இல் முடிவுகளை வெளியிட்டது. ஒன்பதில் ஏழு பகுதிகள் உச்ச வரத்தை ஏற்கெனவே கடந்துவிட்டன. அதாவது, பனி உருகுவதால் கூடிக்கொண்டிருந்த வறண்ட காலத் தண்ணீர் குறையத் தொடங்கியாயிற்று. இன்னும் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் உச்சம் வரும் என்று அதுவரை பலர் எண்ணிக்கொண்டிருந்தார்கள். பனியாறுகள் முழுதாகப் போய்விட்டால் மேற்படுகையின் முடிவில் சாந்தாவின் வறண்ட கால ஓட்டம் 30 சதவீதம் வரை குறையலாம் என்பது அவர்கள் மதிப்பீடு.

ஆண்டு முழுவதற்குமான சராசரியை மட்டும் பார்த்தால் இந்த இழப்பு பெரிதாகத் தெரியாது. மழைக்காலத்தில் ஆறு புரண்டு ஓடும். ஜூலையிலும் ஆகஸ்டிலும்தான் வலிக்கும். விவசாயிக்கு வேண்டியதோ ஆகஸ்ட் தண்ணீர். ஆறுதலான செய்தியும் உண்டு. வறண்ட காலத்தில் ஓடைகளில் வரும் தண்ணீரில் கணிசமான பங்கு நிலத்தடியிலிருந்து வருகிறது என்று இதே படுகையில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சரிவுகளின் கற்குவியல்களும் பள்ளத்தாக்குத் தரைகளும் மழைநீரை உள்வாங்கி மெதுவாக விடுகின்றன. பனியைத் திரும்பக் கொண்டுவர உள்ளூர்க்காரர்களால் முடியாது. போஃபெதால் எனப்படும் உயர்மலைச் சதுப்புகளைக் காப்பது அவர்கள் கையில் இருக்கிறது. பெரிய அணைகளுக்கு ஒதுக்கும் பணத்தில் சிறு பங்கு இதற்குப் போனால்கூடப் போதும் என்று நினைக்கிறேன்.

இருக்கிற தண்ணீரும் சில இடங்களில் கெட்டுவிட்டது. பனி மூடியிருந்த பாறைகளில் பைரைட் போன்ற கந்தகக் கனிமங்கள் உண்டு. பனி விலகியதும் அவை காற்றையும் நீரையும் சந்தித்து அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் பாறையிலிருந்து இரும்பு முதலிய உலோகங்களைக் கரைத்துக்கொண்டு ஓடையில் கலக்கிறது. ஒல்யேரோஸ் பக்கத்து ரியோ நேக்ரோ ஓடையில் கற்கள் துருப்பிடித்த சிவப்பில் கிடக்கும். கனிமச் சுரங்கம் தோண்டினால் ஆறு இப்படிச் சிவக்கும் என்பார்கள். இங்கே எந்தச் சுரங்கமும் தேவைப்படவில்லை, பனி விலகியதே போதுமாயிருந்தது. கன்ரேய் சிக்கோ கிராமத்தில் மக்கள் தடுப்புக் குட்டைகள் வெட்டி, உலோகங்களை ஈர்த்துக்கொள்ளும் உள்ளூர் நீர்ச்செடிகளை வளர்த்து, அந்தத் தண்ணீரைத் தெளிய வைத்துப் பாசனத்துக்கு விட்டுப் பார்த்தார்கள். சிறிய அளவில் நடந்த வேலைதான், ஆனால் இந்தப் படுகையில் எனக்கு மிக நம்பிக்கை தருவது இதுவே.

யார் கையில் மதகு

கராஸ் ஊருக்கு மேலே இருக்கும் பாரோன், வெண்மலைத் தொடரின் மிகப் பெரிய ஏரி. உடைந்துவிடும் ஆபத்தைக் குறைக்கத்தான் அதில் 1980-களில் சுரங்கம் குடைந்து, பின்னர் மதகு வைத்தார்கள். மதகு வந்துவிட்டால் ஏரி நீர்த்தேக்கமாகிவிடுகிறது. 1990-களில் கான்யோன் தெல் பாத்தோ மின் நிலையம் தனியார் கைக்குப் போனது. அதோடு மதகும் போனது. மின்சாரத் தேவைக்கேற்பத் தண்ணீரைத் திறந்துவிட, கீழே வாய்க்கால்களும் தலைமதகுகளும் அரிக்கப்பட்டன, குடிநீரில் வண்டல் கலந்தது. 2008 ஜூலையில் விவசாயச் சமூகத்தினரும் கராஸ் மக்களும் மேலே ஏறி மதகைத் தங்கள் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டார்கள். பிறகு அரசு தலையிட வேண்டியதாயிற்று. பாதுகாப்புக்கென்று பொதுப்பணத்தில் கட்டிய ஒன்று, கேட்பாரில்லாமல் வணிகக் கருவியாக மாறியதுதான் இதன் வேர்.

கடலோரத்தில் இந்தத் தண்ணீரின் மதிப்பு இன்னும் பெரியது. அங்கே பாலைவனம், மழை என்று சொல்ல ஒன்றுமே கிடையாது. சவிமோசிக் திட்டம் சாந்தா நீரைக் கால்வாயில் வடக்கே கொண்டுபோய், சாவோ, விரூ, மோச்சே பள்ளத்தாக்குகளைக் கடந்து, பல்லாயிரம் ஹெக்டேர் மணலை வயலாக்கியது. உலகச் சந்தையில் பெரு முன்னணிக்கு வந்த அஸ்பாரகஸும் புளூபெரியும் அவகாடோவும் பெருமளவில் இங்கிருந்து போகின்றன. த்ருஹியோ மாநகரத்தின் குடிநீரில் பெரும்பகுதியும் இந்தக் கால்வாயிலிருந்தே எடுக்கப்படுகிறது. லட்சக்கணக்கான மக்களுக்கு வேலையும் வாழ்வும் தந்த திட்டத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் இது வளர்ந்தது எப்போது என்று பாருங்கள்: 1980-களும் 90-களும், பனி வேகமாக உருகி ஆற்றுக்குக் கூடுதல் வரத்து இருந்த காலம்.

ஜெர்மனியில் ஒரு வழக்கு

வாராஸைச் சேர்ந்த விவசாயியும் மலைவழிகாட்டியுமான சவுல் லூசியானோ யூயா, 2015-இல் ஜெர்மனியின் எஸன் நகர நீதிமன்றத்தில் ஆர்.டபிள்யூ.ஈ. என்ற மின் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். தொழிற்புரட்சிக் காலம் முதல் உலகம் வெளியிட்ட கரியமில வாயுவில் அந்த நிறுவனத்தின் பங்கு 0.47 சதவீதம் என்று ஓர் ஆய்வுக் கணக்கு சொன்னது. பல்ககோச்சாவிலிருந்து தன் வீட்டைக் காக்கும் செலவில் அதே 0.47 சதவீதத்தை, ஏறத்தாழ 17,000 யூரோவை, நிறுவனம் தர வேண்டும் என்பது அவர் கோரிக்கை. கீழ் நீதிமன்றம் 2016-இல் தள்ளுபடி செய்தது. ஹாம் உயர் மண்டல நீதிமன்றம் 2017-இல் வழக்கைச் சாட்சிய விசாரணைக்கு ஏற்றது. 2022-இல் ஜெர்மானிய நீதிபதிகளே வாராஸுக்கு வந்து பார்த்தார்கள். இதற்கிடையே 2021-இல் வெளியான ஓர் ஆய்வு, பல்கராஹு பனியாற்றின் பின்வாங்கலை இயற்கை மாறுபாட்டால் மட்டும் விளக்கவே முடியாது, மனிதச் செயலால் வந்த வெப்பம்தான் காரணம் என்று காட்டியது.

2025 மே 28-இல் தீர்ப்பு வந்தது. அடுத்த 30 ஆண்டுகளில் அந்த வீட்டை வெள்ளம் தாக்கும் வாய்ப்பு சுமார் 1 சதவீதமே என்ற நிபுணர் கணிப்பை ஏற்று வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள். ஆனால் பெருமளவில் வாயுவை வெளியிடும் நிறுவனங்களை, உலகின் மறுகோடியில் நேரும் பாதிப்புக்கும் ஜெர்மன் சிவில் சட்டப்படி பொறுப்பாக்க முடியும் என்று அதே தீர்ப்பு கொள்கை அளவில் ஏற்றுக்கொண்டது. பத்தாண்டு அலைந்த மனிதருக்குப் பணம் ஒன்றும் கிடைக்கவில்லை. அவருக்குப் பின்னால் வருபவர்களுக்கு வழி திறந்தது.

வழக்கு ஏரியைப் பற்றியது. குறைந்துவரும் ஆகஸ்ட் தண்ணீருக்கு இப்படி வழக்குப் போட முடியுமா என்பது எனக்கு ஐயம்தான். வெள்ளத்துக்கு ஒரு நாளும் ஒரு வீடும் உண்டு, சுட்டிக்காட்டலாம். வரத்து ஆண்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதை எந்த நாளில் நின்று காட்டுவது?

அந்தக் குறைவை ஈடுகட்ட அரசு கையில் வைத்திருக்கும் பெரிய பதில், சவிமோசிக்கின் பாலோ ரெதோந்தோ அணை. மழைக்காலத்தில் கடலுக்குப் போகும் சாந்தா நீரில் சுமார் 40 கோடி கன மீட்டரைத் தேக்கி வறண்ட மாதங்களில் விடுவது திட்டம். 2016-இல் கட்டுமானம் பாதியில் நின்று ஆண்டுக்கணக்கில் கிடந்தது. பனி செய்துவந்த தேக்கும் வேலையை அணை செய்யட்டும் என்ற யோசனை சரியானதே. ஆனால் அந்த அணை இருப்பது படுகையின் கீழ்க்கோடியில். கடலோரத்து வயல்களுக்கும் த்ருஹியோவுக்கும் அது உதவும். மேலே ஒல்யேரோஸிலும் கார்வாஸிலும் கராஸிலும் இருப்பவர்களுக்கு அதிலிருந்து ஒரு சொட்டும் ஏறி வராது. அவர்களுக்கு வேண்டியது சிறிய தேக்கங்கள், காக்கப்பட்ட சதுப்புகள், அமிலம் நீக்கும் குட்டைகள், மதகைத் திறப்பதில் ஓர் ஓட்டு. இவற்றுக்கான பணத்தில் ஒரு பகுதியைக் கடலோர ஏற்றுமதிப் பண்ணைகளின் தண்ணீர்க் கட்டணத்திலிருந்து எடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. அந்தப் பண்ணைகள் எழுந்ததே மேலிருந்து கூடுதலாக வந்த தண்ணீரில்தான்.